எந்த டம்ளர் என்று எழுதுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கங்களில் சிறுதானியமும் பயறும் மசாலாவும் பொட்டலமிட்டு விற்கும் மகளிர் குழுக்களுக்கு,



நீங்கள் விற்பதை வாங்கிச் சமைக்கிறவள் நான். சாமை, தினை, ராகி, கொள்ளு, குழம்புத்தூள், ரசப்பொடி என்று எங்கள் வீட்டு அடுப்படியில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் உங்கள் கையால் புடைத்துச் சலித்து வந்தவை. பொருளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கல் கிடையாது, மண் கிடையாது, போன வருடத்துச் சரக்கைப் புதுசு என்று தள்ளிவிடுகிற வேலையும் கிடையாது. நான் எழுத வந்தது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பற்றி. அங்கே நாலைந்து வரியில் ஒரு சமையல் குறிப்பு அச்சிடுகிறீர்களே, அதைப் பற்றி.

முன்பக்கம் நிகர எடை 500 கிராம் என்று இருக்கிறது. பின்பக்கம் திருப்பினால், ஒரு கப் சாமைக்கு இரண்டரை கப் தண்ணீர் என்று இருக்கிறது. கப் எவ்வளவு பெரியது என்று இல்லை. அரைக் கிலோவில் எத்தனை கப் வரும் என்றும் இல்லை. இன்னும் சில பொட்டலங்களில் 250 கிராம் சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்று போட்டிருக்கிறது. அந்தப் பங்கு எடையிலா, அளவிலா?

கேள்வி சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. சாமை ஒரு லிட்டர் ஏறக்குறைய 800 கிராம்தான் நிற்கும். ஆக 250 கிராம் சாமையை டம்ளரில் கொட்டினால் 300 மில்லிக்குச் சற்று மேலே வரும். பங்கை அளவு என்று எடுத்துக்கொண்டவர் 750 மில்லிக்கு மேல் தண்ணீர் வைப்பார். எடை என்று எடுத்துக்கொண்டவர் 625 மில்லியோடு நிறுத்திவிடுவார். குறைவது 125 மில்லிக்கும் மேல். அந்தச் சாமை நடுவில் வேகாமல் நறுக்கு நறுக்கென்று நிற்கும். முதல் தடவையாகச் சிறுதானியம் சமைக்கிற பெண்ணுக்கு அந்த ஒரு நாள் போதும். இது நமக்கு ஒத்துவராது என்று மிச்சத்தைக் கோழிக்குப் போட்டுவிட்டு அரிசிக்குத் திரும்பிவிடுவாள். 2023-ஆம் ஆண்டை ஐ.நா. உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நாம் எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை கண்காட்சி வைத்தோம்! அவ்வளவு உழைப்பும் அடுப்பில் இந்த 125 மில்லித் தண்ணீரை நம்பி நிற்கிறது.

என் வேண்டுகோள் இதுதான்: கிராமுக்குப் பக்கத்தில் மில்லியையும் எழுதுங்கள். கப், டம்ளர் என்று எழுதினால் எந்த கப், எந்த டம்ளர் என்று சேர்த்து எழுதுங்கள். ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

நம் பெரியவர்களுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. தானியத்தை முகந்து அளந்தார்கள், புளி, மிளகாய், மஞ்சள், வெல்லத்தை நிறுத்தார்கள். களத்துமேட்டிலும் படி, சந்தையிலும் படி, அடுப்படியிலும் படி. ரெண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, ரெண்டு உழக்கு ஓர் உரி, ரெண்டு உரி ஒரு படி. கொங்கு நாட்டில் நாலு படி சேர்ந்தால் ஒரு வள்ளம். எத்தனை வள்ளம் கம்பு கண்டது என்றுதான் வெள்ளாமையைக் கேட்பார்கள். பூமியையே வள்ளக் கணக்கில் சொன்ன ஊர் இது. சுமார் நாலு ஏக்கர் ஒரு வள்ளம். நிறுக்கிற சாமானுக்குப் பலமும் வீசையும் தனியாக இருந்தன. 40 பலம் ஒரு வீசை, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1.4 கிலோ. எதை முகப்பது, எதை நிறுப்பது என்பதில் சந்தைக்கும் வீட்டுக்கும் இடையே வேறுபாடு இல்லாததால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற வேலையே அவர்களுக்கு வரவில்லை.

1956-இல் எடை, அளவைச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் கிலோ நடைமுறைக்கு வரத் தொடங்கி, அறுபதுகளின் தொடக்கத்துக்குள் வீசையும் சேரும் கடைகளிலிருந்து போய்விட்டன. கூடவே அரிசியும் பருப்பும் தராசுக்கு ஏறின. ஆனால் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றுதான் அண்ணாதுரை வாக்குக் கேட்டார். ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி என்று முதலில் தொடங்கிய இரண்டு நகரங்கள் சென்னையும் நம் கோவையும். கிலோ சட்டமாகிப் பத்தாண்டு கழிந்த பிறகும் அரசாங்கமே படியில் பேசியது. ஏனென்றால் கேட்பவர் அடுப்படியில் இருந்தார். கிலோவில் சொன்னால் அது எத்தனை வேளைச் சோறு என்று அவருக்கு உடனே பிடிபடாது, படியில் சொன்னால் பிடிபடும்.

கடை கிலோவுக்குப் போன அந்த நாளிலிருந்து இன்றுவரை அடுப்படி டம்ளரிலேயே நிற்கிறது. 25 கிலோ சிப்பமாக அரிசி வாங்குகிறோம். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்று ஊறப்போடுகிறோம். அரைக்கிற கிரைண்டரோ இரண்டு லிட்டர் என்று லிட்டரில் விற்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய கோவை கிரைண்டர்தான். இந்த மூன்றையும் இணைத்தது வீட்டுப் பெண்களின் கை. இந்த டம்ளரில் ஆறு எடுத்தால் ஒரு கிலோ என்று என் அமுச்சிக்குத் தெரியும். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை, டம்ளரோடும் கையோடும் இருந்தது. பேத்தி பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ போகும்போது டம்ளர் கூடப் போகவில்லை.

அவள் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். மின்சார ரைஸ் குக்கரோடு வருகிற கப் 180 மில்லி. அது ஜப்பான்காரர்களின் பழைய அரிசி அளவு. அமெரிக்க கப் ஏறக்குறைய 240 மில்லி. கடையில் விற்கிற அளவுக் கப் செட்டில் பெரியது 240 ஆகவும் இருக்கும், 250 ஆகவும் இருக்கும். நம் எவர்சில்வர் டம்ளரில் 150 மில்லி பிடிப்பதும் உண்டு, 250 பிடிப்பதும் உண்டு. ஆழாக்கு என்றால் 168 மில்லி என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கணக்கு. ஆனால் படியே ஊருக்கு ஊர் சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி என்று மாறியதால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒரே பாத்திரத்தால் சாமையையும் தண்ணீரையும் அளக்கிறவரை எந்தக் கப்பாக இருந்தாலும் சோறு சரியாக வரும் என்பது உண்மை. முகத்தலளவையின் பெரிய பலமே அதுதான், நானும் அதை விட்டுத்தரச் சொல்லவில்லை. ஆனால் கூடவே ஒரு ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் மிளகு, நாலு பேருக்கு ஒரு கப் என்று வந்துவிட்டால் கப்பின் அளவு தெரிந்தே ஆகவேண்டும். 180-க்கும் 250-க்கும் நடுவில் ஒருவர் சாப்பாடு கிடக்கிறது.

பாத்திரத்தின் பெயரைச் சொல்லாமல் அளவைச் சொல்லக்கூடாது என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு வரவேண்டிய நெல்லைச் சொல்லும்போது இத்தனை கலம் என்று மட்டும் வெட்டிவிட்டுப் போகவில்லை. ஆடவல்லான் என்கிற மரக்காலால் அளந்து இத்தனை கலம் என்று வெட்டினார்கள். அந்த மரக்கால் ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்றும் சேர்த்து வெட்டினார்கள். ஆயிரம் வருடம் கழித்துப் படிக்கிறவனுக்கும் எந்த மரக்கால் என்ற சந்தேகம் வரக்கூடாது என்று கல்லிலேயே எழுதியவர்கள் அவர்கள். நமக்கு இருப்பது ஒரு வரி அச்சு.

வெளிநாட்டிலும் இந்த வேலையை ஒருவர் உட்கார்ந்து செய்யவேண்டியிருந்தது. பாஸ்டனில் சமையல் பள்ளி நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896-இல் ஒரு புத்தகம் போட்டார். ஒரு கை மாவு, முட்டை அளவு வெண்ணெய் என்று எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவர் கப்பையும் ஸ்பூனையும் நிரப்பி, கத்தியால் தலைதட்டித்தான் அளக்கவேண்டும் என்று ஊன்றிச் சொன்னார். அமெரிக்க வீடுகள் இன்றைக்கும் அவர் வழியில்தான் அளக்கின்றன. தலைதட்டுவது நமக்குப் புதிதே இல்லை. படியைக் குவித்து அளந்தால் வாங்குகிறவனுக்கு லாபம், தலைதட்டினால் விற்கிறவனுக்கு லாபம் என்று சந்தையில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்கள் நாம். அதைச் சமையல் குறிப்பில் எழுதத்தான் விட்டுவிட்டோம்.

இனி விஷயத்துக்குள் வருகிறேன். உங்கள் வேலை நீங்கள் நினைப்பதைவிட எளிது. தானியம், பருப்பு, பயறு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே கணக்குத்தான் வருகிறது. அரிசி, சாமை, தினை, ராகி, கம்பு, துவரம்பருப்பு, உளுந்து, கொள்ளு, எதை எடுத்தாலும் தலைதட்டிய ஒரு லிட்டர் 750 கிராமிலிருந்து 850 கிராமுக்குள் நிற்கும். மனதில் வைத்துக்கொள்ள 800 என்று வையுங்கள். அதாவது ஒரு கிலோ தானியம் ஒன்றேகால் லிட்டர். 100 கிராம் 125 மில்லி. 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் 160 கிராம். என் அமுச்சியின் ஆறு டம்ளர் கணக்கு இங்கேதான் வந்து உட்காருகிறது.

இதனால்தான் நம் அரிசியும் பருப்பும் சாதம் யார் எப்படி எழுதினாலும் தப்பித்துக்கொள்கிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. இதை நிறுத்துப் போட்டாலும் முகந்து போட்டாலும் ஒன்றேதான் வரும், ஏனென்றால் இரண்டும் ஒரே கனம். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பதும் அப்படியே. தண்ணீர் என்று வரும்போது மட்டும்தான் எடையும் அளவும் பிரிந்துபோகும். உமியோடு இருக்கிற தானியம் இந்தக் கணக்கில் சேராது. உமிக்குள் காற்று இருப்பதால் நெல் ஒரு லிட்டர் 600 கிராமைத் தொடுவதே அதிகம். குத்தினால் அளவில் ஏறக்குறைய பாதிதான் அரிசியாக மிஞ்சும். அதனால் வரகோ சாமையோ உமி நீக்காமல் விதைக்கென்று விற்பவர்கள் அந்தப் பொட்டலத்துக்குத் தனியாக அளந்துகொள்ளுங்கள்.

தானியத்தில் இவ்வளவு ஒழுங்கு. செலவுச் சாமானுக்கு வாருங்கள், அந்த ஒழுங்கு முழுக்கக் கலைந்துவிடும். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

100 கிராம் மல்லி ஏறக்குறைய 300 மில்லி இடம் பிடிக்கும். 100 கிராம் வெந்தயம் 135 மில்லிக்குள் அடங்கிவிடும். ஒரே எடை, இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். மல்லியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள், இரண்டு பாதியாகப் பிளந்து நடுவில் வெற்றிடமாக இருக்கும். வெந்தயம் அவரை, துவரை குடும்பத்து விதை. உள்ளே கெட்டியாக, முழுக்க நிறைந்திருக்கும். சீரகமும் சோம்பும் மல்லியின் பங்காளிகள். வரிவரியாக, நீளவாட்டில் இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது, இடையில் காற்று நிற்கும். 100 கிராமுக்கு 240, 250 மில்லி வரும். மிளகு, எள், கசகசா மூன்றும் 170 மில்லியை ஒட்டி நிற்கும். கடுகு வெந்தயத்தைப்போலவே கனம். காய்ந்த மிளகாயை மட்டும் எந்தப் பாத்திரத்திலும் அளக்காதீர்கள். அதை நிறுக்கவேண்டும், இல்லாவிட்டால் எண்ணவேண்டும்.

இப்போது குழம்புத்தூள் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே வறுத்து மில்லில் கொடுத்து அரைக்க நினைப்பவர்களுக்கு என்று சில குழுக்கள் பட்டியல் அச்சிட்டுத் தருகின்றன. நல்ல காரியம். அதில் மல்லி ஒரு கிலோ, வெந்தயம் 50 கிராம் என்று இருப்பதாக வையுங்கள். மல்லிக்கு வெந்தயம் இருபதில் ஒரு பங்கு. ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு கிலோ மல்லியை வறுத்து என்ன செய்வது? அந்தப் பெண் ஒரு டம்ளர் மல்லிக்குக் கணக்கைக் குறைக்கிறாள். 200 மில்லி டம்ளர், அதில் இருபதில் ஒரு பங்கு 10 மில்லி, இரண்டு டீஸ்பூன் வெந்தயம். அவள் கணக்கில் தவறே இல்லை. ஆனால் 200 மில்லி மல்லியின் எடை 67 கிராம்தான். அதற்கு வேண்டிய வெந்தயம் மூன்றேகால் கிராம், ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது. அவள் போட்டது ஏழு கிராமுக்கு மேல். குழம்பு கசக்கிறது. மிளகிலும் இதே கதைதான். கிலோவுக்கு 100 கிராம் மிளகு என்கிற பட்டியலை டம்ளருக்குக் கொண்டுவரும்போது இரண்டு டீஸ்பூனைக் கொஞ்சம் தாண்டிப் போடவேண்டிய இடத்தில் நாலு விழும். அவள் உங்கள் பட்டியலைக் குறை சொல்லுவாள், இல்லாவிட்டால் தனக்குக் கைப்பக்குவம் இல்லை என்று நினைத்துக்கொள்வாள். இரண்டாவது எனக்கு இன்னும் வருத்தம். கைப்பக்குவம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த மாற்றுக் கணக்குதான், கற்றுக்கொடுத்தால் வந்துவிடும்.

அதனால் பட்டியலில் இரண்டு வரிசை போடுங்கள். கிலோ மல்லிக்கு ஒரு வரிசை, கிராமில். ஒரு டம்ளர் மல்லிக்கு ஒரு வரிசை, டம்ளரின் மில்லியைச் சொல்லி, மற்றதை டீஸ்பூனில். டீஸ்பூன் என்றால் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி என்று அடியில் எழுதிவிடுங்கள். அஞ்சறைப்பெட்டியில் கிடக்கிற ஸ்பூன் பெரும்பாலும் 5 மில்லி பிடிக்காது. அதை டீஸ்பூன் என்று நினைத்து அளக்கிறவர்கள் ஏராளம்.

நான் மேலே கொடுத்த எண்களை அப்படியே அச்சிட்டுவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மல்லியில் பருத்தது உண்டு, சிறுத்தது உண்டு. காய்ச்சல் போதாத சரக்கு வேறு எடை காட்டும். பழைய கொள்ளும் புதுக் கொள்ளும் ஒன்றாக நிற்காது. உங்கள் சரக்கை நீங்களே அளக்கவேண்டும். பொட்டலம் கட்டுகிற எலெக்ட்ரானிக் தராசு உங்களிடம் இருக்கிறது. முத்திரையிட்ட அரை லிட்டர் அல்லது ஒரு லிட்டர் அளவுப்பாத்திரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். ஒரு சாண் உயரத்திலிருந்து தானியத்தைச் சீராகக் கொட்டுங்கள். குலுக்காதீர்கள், தட்டாதீர்கள், கையால் அமுக்காதீர்கள். குவிந்ததும் ஒரு ஸ்கேலால் ஒரே இழுப்பில் தலைதட்டுங்கள். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை செய்து சராசரி பாருங்கள். மூட்டை மாறும்போது மறுபடி ஒரு தடவை. ஒரு பொருளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

குலுக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கொட்டிக் கொட்டி அளந்தாலும் குறுணி பதக்காகாது என்பார்கள். பதக்காகாதுதான், ஆனால் குலுக்கிக் குலுக்கி அளந்தால் அதே பாத்திரத்தில் இன்னும் ஒரு பிடி உள்ளே போகும். வீட்டில் அளக்கிறவள் குலுக்கமாட்டாள், எடுப்பாள், வழிப்பாள், போடுவாள். அவள் அளக்கிற மாதிரியே நீங்களும் அளந்தால்தான் எண் அவளுக்குப் பொருந்தும்.

வறுப்பதற்கு முன் அளவா, பின் அளவா என்றும் எழுதவேண்டும். வறுத்தால் ஈரம் போய் எடை குறையும், ஆனால் பொரிந்த விதை இடத்தைக் கூடுதலாகப் பிடிக்கும். கொள்ளு, தட்டைப்பயறு போன்றவற்றில் ஊறுவதற்கு முன் என்று ஒரு வார்த்தை போதும். ஊறிய கொள்ளை ஒரு டம்ளர் அளந்து, உங்கள் குறிப்பில் இருக்கிற தண்ணீரை வைத்தால் பருப்பு நீர்த்துப்போகும். ரசத்துக்கு வேண்டுமானால் சரி, கடைசலுக்கு ஆகாது.

மாவு வேறு ஜாதி. ராகிமாவையோ கம்புமாவையோ டம்ளரில் அளந்து கிராமாக்க முயலவேண்டாம். சலித்த மாவும் பொட்டலத்தில் அமுங்கிக் கிடந்த மாவும் ஒரே டம்ளரில் வெவ்வேறு எடை காட்டும், அந்த வித்தியாசம் தானியத்தைப்போலச் சின்னது அல்ல. களிக்கு எழுதும்போது, சலித்துத் தளரப் போட்ட மாவு ஒரு டம்ளர் என்று எழுதுங்கள், பக்கத்தில் கிராமையும் போடுங்கள். தராசு இருப்பவர் கிராமைப் பார்க்கட்டும். உப்புக்கும் ஒரு வார்த்தை. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம். கல் உப்பில் அதே ஸ்பூன் குறைவாகத்தான் பிடிக்கும். எந்த உப்பு என்று சொல்லாத குறிப்பு அரைக் குறிப்பு.

வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்று உங்களில் சிலர் கேட்கலாம். உங்கள் ஊர்ச் சந்தைக்கு வருகிறவருக்குத் தெரியும். அவர் கையால் அள்ளிப் பார்த்தே தண்ணீர் வைத்துவிடுவார். ஆனால் உங்கள் பொட்டலம் இப்போது அவரைத் தாண்டிப் போய்விட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து ஒற்றை அறையில் சமைத்துக்கொள்கிற பையன் வாங்குகிறான். சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதால் அறுபது வயதில் முதல்முறையாகச் சாமைக்கு மாறுகிறவர் வாங்குகிறார். அவருக்கு அளவு இன்னும் முக்கியம், ஒரு வேளைக்கு இத்தனை கிராம்தான் என்று எழுதிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள், வீட்டில் தராசு இருக்காது. 60 கிராம் என்றால் 75 மில்லி, உங்கள் சின்ன டம்ளரில் பாதி என்று பொட்டலம் அவருக்குச் சொல்லவேண்டாமா? பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்கு எடுத்துப்போகிற பிள்ளைகளைச் சொல்லவே வேண்டாம்.

இடம் இல்லை என்றும் சொல்வீர்கள். பின்பக்கத்தில் நார்ச்சத்து, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து என்று பத்து வரி வருகிறது. அதில் இரண்டை இதற்கு விட்டுக்கொடுங்கள். இரும்புச்சத்து உடம்பில் சேரவேண்டுமானால் முதலில் அது வெந்து இலைக்கு வரவேண்டும். நான் கேட்பது இந்த அளவுதான்:

“சாமை தலைதட்டி 100 கிராம் = 125 மி.லி. இந்தப் பொட்டலத்தில் 200 மி.லி. டம்ளரால் மூன்று டம்ளர் இருக்கும். ஒரு டம்ளர் சாமைக்கு அதே டம்ளரால் இரண்டரை டம்ளர் தண்ணீர்.”

நிகர எடை முன்பக்கம் கிராமில் சட்டப்படி அப்படியே இருக்கட்டும். பின்பக்கத்தில் மில்லியை முதலில் போட்டு, டம்ளரையோ ஆழாக்கையோ அதற்குப் பின்னால் போடுங்கள். ஆழாக்கு என்று எழுத ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், எனக்கும் அந்தச் சொல்லின்மேல் ஆசை உண்டு. எத்தனை மில்லி ஆழாக்கு என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

உதவி கேட்கவும் நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு லிட்டர் தானியம் எத்தனை கிராம் நிற்கும் என்பது அங்கே சேமிப்புக் கலன் வடிவமைக்கிறவர்களுக்கு அன்றாடக் கணக்கு. 1957-இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. வீட்டு அளவைகளைக் கிராமாக மாற்றுவது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம். ஒரு கூட்டமைப்பாகப் போய் எங்கள் இருபது பொருளையும் அளந்து ஓர் அட்டவணை போட்டுத் தாருங்கள் என்று கேட்டால் தட்டமாட்டார்கள் என்று நம்புகிறேன். கொங்கு நாட்டுச் சரக்குக்கென்று ஓர் அளவு அட்டவணை, ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரே மாதிரி அச்சாகி வந்தால் ஈரோட்டில் வாங்கிய தினைக்கும் பொள்ளாச்சியில் வாங்கிய தினைக்கும் ஒரே குறிப்பு போதும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த தடவை கவர் அச்சுக்குப் போகும்போது குழம்புத்தூள் பட்டியலில் தொடங்குங்கள், கெடுதல் அதிகம் நடப்பது அங்கேதான். பிறகு சாமை, தினை. மாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அளக்க ஆள் போதாத குழுக்கள் சொல்லியனுப்புங்கள். அரை லிட்டர் அளவுப்பாத்திரத்தோடு நான் வருகிறேன். மல்லி மூட்டையை மட்டும் பிரித்து வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் பொட்டலங்களை வாங்கிச் சமைக்கும் ஒருத்தி,
கோயம்புத்தூர்.